மெஷின் பெட்ரோலுக்கும் ஒரு கணக்கு இருக்கு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு "வாடகை மெஷின்கள் பராமரிப்பு". மெஷின் பராமரிப்பு என்று ஆரம்பித்தால் பிளேடு, கிரீஸ், பெல்ட் என்று நாள் பூராவும் பேசலாம். நான் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போறேன். அது பெட்ரோல். மெஷினுக்கு ஊத்துற பெட்ரோலை எப்படி வாங்குறது, எதில் வைக்கிறது, எங்கே வைக்கிறது, எத்தனை நாள் வைக்கிறது. இது மட்டும் சரியாக இருந்தால் மெஷின் பாதிப் பிரச்சினை தராது. இது தப்பினால் மெஷினோடு போகாது, வீடும் உசுரும் சேர்ந்து போகும்.

இதை ஏன் இந்த வருஷம் பேசணும்? நம் கூட்டமைப்பில் புல் வெட்டுற மெஷின் ரெண்டு, முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற பவர் ஸ்ப்ரேயர் ரெண்டு, களை ஓட்டுற பவர் வீடர் ஒண்ணு இருக்குதுங்க. தை, மாசியில் மஞ்சள் வெட்டு முடிஞ்சதும் புல் மெஷினுக்கு வேலை குறைஞ்சு போச்சு. வாடகைக்கு எடுத்தவங்க மிச்சப் பெட்ரோலோடு திருப்பிக் கொடுத்தாங்க. அப்படியே மூணு நாலு மாசம் நின்னுது. வைகாசியில் மஞ்சள் நடவுக்கு முன்னாடி வரப்பு சுத்தம் பண்ண எல்லோரும் கேட்கறப்ப ரெண்டு மெஷினும் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை விட்டுப் போனதுதான் மிச்சம், ஸ்டார்ட் ஆகலை. சிவகிரியில் மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். ரெண்டுக்கும் சேர்த்து 2,800 ரூபாய் ஆச்சு. ஒரு நாள் வாடகை 400 ரூபாய். ஏழு நாள் வாடகை அப்படியே போச்சு. வராத வாடகை வேறே.

அந்த மாசக் கூட்டத்தில்தான் ரெண்டு மெஷினையும் வித்துக் கடனைக் கட்டிடலாம், பொம்பளைங்களுக்கு மெஷின் சரிப்படாது என்று ஒரு பேச்சு வந்தது. சொன்னது வெளி ஆள் இல்லை, நம்ம உறுப்பினர்களே. அந்த முடிவை ஆண்டு விழா முடிந்து நடக்கும் பொதுக்குழுவுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அதுக்கு முன்னாடி எல்லோருக்கும் இது தெரியட்டும் என்றுதான் நான் பேசவே ஒத்துக்கிட்டேன்.

மெக்கானிக் அண்ணன் கார்ப்ரேட்டரைக் கழட்டி எங்களுக்குக் காட்டினாருங்க. உள்ளே சின்னச் சின்னத் துவாரம், ஊசி முனைக்குக்கூடச் சின்னது. அதில் கருவேலம் பிசின் மாதிரி மஞ்சளாக ஒண்ணு ஒட்டி அடைச்சிருந்தது. யாராவது குப்பை போட்டாங்களா என்று கேட்டால், இல்லைங்க, பெட்ரோலே இப்படி ஆகிறதுதான் என்றார். கருப்பட்டித் தண்ணியை அடுப்பில் வைத்து விட்டால் தண்ணி ஆவியாகிப் பாகு நிக்கிற மாதிரி, பெட்ரோலில் லேசான பாகம் முதலில் பறந்து போயிடும். கனமானது நின்னு, காத்துப் பட்டுப் பட்டுப் பிசினாகும். நல்லாத் தீப்பிடிக்கிறது லேசான பாகம்தான். அது போனால் மிச்சத்தில் இஞ்சின் எடுக்காது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள்ளே வைத்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படிச்சால் அதிலேயும் போட்டிருக்கு, ஒரு மாசத்துக்கு மேலே பெட்ரோலை டேங்கில் விடாதீங்க என்று.

இன்னொரு விஷயம் இப்போது புதுசாகச் சேர்ந்திருக்கு. பங்க்கில் வாங்குற பெட்ரோல் பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்த பெட்ரோல் இல்லைங்க. அதில் எத்தனால் என்கிற சாராயச் சத்து கலக்கிறாங்க. 2003ஆம் வருஷம் 5 சதவீதம் கலக்க ஆரம்பித்தது. 2022இல் 10 சதவீதம் ஆச்சு. 2023இல் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் சில பங்க்குகளில் வந்தது, இப்போது எங்கே போனாலும் அதுதான். இ-20 என்று பங்க்கிலேயே ஒட்டியிருப்பாங்க. அந்த எத்தனால் எதிலிருந்து வருது? கரும்பு ஆலைக் கழிவுப் பாகிலிருந்து, கரும்புச் சாறிலிருந்து, அரிசி, மக்காச்சோளத்திலிருந்து. நம்ம தோட்டத்துக் கரும்பு நொய்யலுக்கு அக்கட்டப் புகளூர் ஆலைக்குப் போறதைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறோம். கரும்புக்காரருக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லலை. ஆனால் மெஷின்காரர் ஒண்ணு தெரிஞ்சு வைக்கணும். எத்தனாலுக்குத் தண்ணி பிடிக்கும். மூடி சரியா மூடாத கேனில் ஐப்பசி, கார்த்திகை ஈரக் காத்தை உறிஞ்சி உறிஞ்சி வைத்துக்கும். உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் கசியும் இல்லீங்களா, அது மாதிரி.

கொஞ்சம் தண்ணி சேர்ந்தால் ஒண்ணும் தெரியாது, கலந்தே இருக்கும். அளவு மீறிப் போனால் எத்தனாலும் தண்ணியும் ஜோடி சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில் போய் நின்னுக்கும். மெஷின் டேங்கில் உறிஞ்சுற டியூப் அடியில்தானே கிடக்கு? முதலில் போறது அந்தத் தண்ணிதான். ஸ்டார்ட் ஆகாது. தப்பித் தவறி ஓடினாலும் ஆபத்து, ஏன்னா நாம கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நிக்குது, அடியில் வறட்டுச் சரக்கு. பிஸ்டன் சூடாகிப் பிடிச்சுக்கும். பிடிச்சுட்டால் 2,800இல் முடியாது.

இதைப் பார்க்கிறதுக்குச் சுலபமான வழி, பழைய பெட்ரோலைக் கொஞ்சம் வெள்ளைக் கண்ணாடிக் குப்பியில் ஊத்தி, வீட்டுக்கு வெளியே, நெருப்பு இல்லாத இடத்தில் அரை மணி நேரம் ஆடாமல் வைங்க. நடுவில் கோடு விழுந்து அடியில் தனியா ஒண்ணு நின்னால் அது மெஷினுக்கு ஆகாது. கோடு விழாமல் ஒரே மாதிரி இருந்தாலும் முகர்ந்து பாருங்க, மூக்கைக் குப்பிக்குள்ளே விட வேண்டாம், கையால் விசிறி முகர்ந்தால் போதும். புதுப் பெட்ரோல் சுருக்கென்று ஏறும். பழசு பெயிண்ட் டப்பா மாதிரி மக்கின வாசம் வரும்.

எத்தனாலுக்கு இன்னொரு குணம், சில ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். மெஷினில் விரலால் அமுக்குற குமிழ் இருக்கு பாருங்க, பிரைமர் பல்பு என்பாங்க. அது பிசுபிசு என்று ஆனாலோ வெடிப்பு விட்டாலோ, டியூப் விறைச்சுப் போனாலோ உடனே மாத்திடணும். சின்னக் காசுதான். மாத்தாமல் விட்டால் சூடான இஞ்சின் மேலே பெட்ரோல் ஒழுகும். பழைய மெஷின்களோடு வந்த புத்தகத்தில் 10 சதவீதத்துக்கு மேலே எத்தனால் வேண்டாம் என்று போட்டிருக்கும். பங்க்கில் 20தான் கிடைக்குது. நாம என்ன பண்றது? கொஞ்சமா வாங்கி, சீக்கிரம் தீர்த்து, வேலை முடிஞ்சதும் காலி பண்ணி வைக்கிறதுதான் நம்ம கையில் இருக்கிற வழி.

அடுத்தது ஆயில் கலக்கிறது. இதில்தான் நம்ம பக்கம் ரொம்பக் குழப்பம். புல் மெஷினும் முதுகு ஸ்ப்ரேயரும் நம்மகிட்ட இருப்பது டூ ஸ்ட்ரோக். அதுக்குத் தனியா ஆயில் ஊத்த இடமே கிடையாது, பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலந்துதான் ஊத்தணும். பவர் வீடர் ஃபோர் ஸ்ட்ரோக். அதுக்கு ஆயில் தனியா, பெட்ரோல் தனியா. கடையில் இப்போது ஃபோர் ஸ்ட்ரோக் புல் மெஷினும் வருது, வெளிப் பார்வைக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான். அதனால மெஷின் ஜாடையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. டூ ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோல் ஊத்தினால் கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் பிடிச்சு மெஷின் செத்துப் போகும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலந்த பெட்ரோலை ஊத்தினால் புகை தள்ளும், பிளக் கரி பிடிக்கும், சாகாது. டீசலை ஊத்தினவங்களும் உண்டு, பேர் சொல்ல மாட்டேன், அவங்களும் இங்கேதான் சிரிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க.

நம்ம மெஷின்களில் இப்போது பெயிண்டில் எழுதியாச்சு. சிவப்புப் பட்டை போட்டதில் "ஆயில் கலக்கணும்". பச்சைப் பட்டையில் "கலக்கக் கூடாது". எழுதப் படிக்கத் தெரியாத அக்காவும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிடலாம்.

எவ்வளவு கலக்கிறது? இது மெஷினுக்கு மெஷின் மாறும், புத்தகத்தில் இருப்பதுதான் சட்டம். 50க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 40க்கு 1 என்றால் 25 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. ஆயிரத்தை அந்த எண்ணால் வகுத்தால் மில்லி வந்துரும், பத்தாவது கூட வேண்டாம், அஞ்சாவது கணக்கு. "ஒரு மூடி ஊத்து, அரை மூடி ஊத்து" என்கிற கணக்கு வேண்டவே வேண்டாம், மூடி எல்லாம் ஒரே அளவா? மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் 20 மில்லி வாங்கிக்கங்க, மேலே கோடு போட்டிருக்கும். அதை இதுக்கு மட்டும் வைத்துக்கங்க. கேனில் முதலில் பாதிப் பெட்ரோல், அப்புறம் ஆயில், மூடி போட்டு நல்லாக் குலுக்கி, மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கணும். மெஷின் டேங்கிலேயே ஆயிலை ஊத்தி ஆட்டுறது கலக்கிறது ஆகாதுங்க. ஊத்தும்போது சல்லடை வைத்த புனல். பழைய வேட்டித் துணி வேண்டாம், நூல் உள்ளே போகும்.

கலந்ததை வைத்து வைத்து ஓட்டாதீங்க. நம்ம புல் மெஷின் டேங்க் ஒரு லிட்டருக்குச் சித்தே மேலே பிடிக்கும், சுமாராக ஒரு மணி நேரத்துக்கு வரும். அன்னிக்கு எத்தனை மணி நேர வேலையோ அதுக்குத் தக்கன கலந்தால் போதும். தென்னந்தோப்பு ஒரு ஏக்கராவுக்கு எத்தனை டேங்க் பிடிச்சுது என்று நோட்டில் குறிச்சுட்டு வந்தால் ரெண்டாம் தடவை கணக்கு நமக்கே கைவந்துரும்.

இனி வாங்குறதும் வைக்கிறதும். இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்க.

பங்க்கில் தண்ணி பாட்டிலைக் கொண்டு போய் நீட்டினால் கொடுக்க மாட்டேங்கிறாங்க என்று நிறையப் பேருக்குக் கோபம். அவங்க செய்யிறதுதான் சரி. அந்த பாட்டில் மெல்லிசு, மூடி ஆவியைத் தாங்காது, அமுங்கினால் பீச்சும். அதைவிட, நம்ம கண்ணுக்கே அது குடிக்கிற பாட்டில். 2டி ஆயிலில் நீலம், பச்சை, சிவப்பு என்று சாயம் போட்டிருப்பாங்க, கலந்தது தெரியட்டும் என்று. கலந்த பெட்ரோலை கூல்ட்ரிங்ஸ் பாட்டிலில் ஊத்தி வைத்துப் பாருங்க, கலர் சோடாவேதான். வெயிலில் விளையாடிட்டு வர்ற குழந்தைக்கு என்ன தெரியும்?

அப்படி எந்தக் குழந்தையாவது குடிச்சுட்டால் ஒண்ணு ஞாபகம் வைங்க: வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி கொடுக்கிறது, தொண்டையில் விரலை விடுறது, முட்டை கொடுக்கிறது எதுவும் கூடாது. வயித்தில் இருக்கிற பெட்ரோலை விட, வாந்தியில் மேலே வந்து நுரையீரலுக்குள்ளே போற பெட்ரோல்தான் உசுரை எடுக்கும். வாயைத் துடைச்சு, பெட்ரோல் பட்ட துணியைக் கழட்டி, 108க்குப் போன் போட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். "நல்லாத்தானே விளையாடுது" என்று வீட்டில் வைத்துக்க வேண்டாம், மூச்சு வாங்குறது சில மணி நேரம் கழிச்சுக்கூட ஆரம்பிக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் டியூபை வாயில் வைத்து உறிஞ்சி பெட்ரோல் எடுக்கிறதையும் விடணும். நம்ம வீட்டு ஆம்பளைங்க பைக்கிலிருந்து அப்படித்தான் எடுக்கிறாங்க, காலங்காலமாப் பழக்கம். கையால் அமுக்குற பம்பு கடையில் கிடைக்குது. அதை நானே வாங்கி எங்க வீட்டில் மாட்டி வைத்திருக்கேன். அவருக்கு முதலில் சிரிப்பு, இப்போது அதைத்தான் தேடுறார்.

கேன் என்றால் பெட்ரோலுக்கென்றே செய்த, ரப்பர் வாஷர் வைத்த மூடியுள்ள கேன். மருந்து இருந்த கேன், மண்ணெண்ணெய் இருந்த கேன், ஃபினாயில் கேன் எல்லாம் வேண்டாம். மேலே "பெட்ரோல்" என்றும், வாங்கின தேதியும், ஆயில் கலந்ததா இல்லையா என்றும் பெயிண்டிலோ ஒட்டியோ எழுதணும். வாய் வரைக்கும் ரொப்பக் கூடாது, பத்தில் ஒரு பங்கு காலியா விடணும், வெயிலுக்குப் பெட்ரோல் உப்பும். வெயிலில் இருந்த கேனைத் திறக்கும்போது மெதுவா மூடியைத் தளர்த்தி ஆவியை விட்டு அப்புறம் திறங்க. பங்க்கில் கேனைப் பைக் மேலே வைத்தோ வண்டிக்குள்ளே வைத்தோ ஊத்தாதீங்க. கீழே தரையில் வைத்து ஊத்தச் சொல்லுங்க. நைலக்ஸ் சேலை உரசி மயிர் சிலிர்க்கும் பாருங்க, அந்த மாதிரி மின்சாரம் கேனிலும் ஏறும், சின்னப் பொறி போதும். தரையில் வைத்தால் அது மண்ணுக்கு இறங்கிடும்.

வாங்கிட்டு பஸ் ஏறாதீங்க, ரயிலிலும் ஏறாதீங்க. கொடுமுடி ஸ்டேஷனிலிருந்து ஒரு ஸ்டேஷன்தானே என்று நினைக்கலாம். ரயில்வே சட்டத்தில் அதுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்று ஒரு அக்கா கேட்டாங்க. 1934ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு என்றால் 30 லிட்டர் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம். இதில் ரெண்டு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, 30 லிட்டர் வைக்கலாம் என்று சட்டம் சொன்னதால் 30 லிட்டர் வைக்கணும் என்று இல்லை. நம்ம வேலைக்கு 5 லிட்டர் கேனே ஜாஸ்தி. ரெண்டாவது, "விற்பனைக்கு இல்லாமல்" என்கிற வார்த்தை. கூட்டமைப்பு பெட்ரோல் வாங்கி வைத்து வாடகைக்காரருக்கு லிட்டர் கணக்கில் கொடுக்கலாமே என்று போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. அது வித்த கணக்காகிடும். அதனால வாடகைக்கு எடுக்கிறவங்க அன்னிக்குப் புதுப் பெட்ரோல் அவங்களே கொண்டு வரணும். ஆயில் மட்டும் நாம அளந்து ஊத்திக் கலந்து கொடுக்கிறோம், ஆயில் காசு தனி. இந்த ஏற்பாடு ஆனியிலிருந்து நடக்குது.

வைக்கிற இடம். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, காத்தைவிடக் கனம். மேலே போகாது, புகை மாதிரி கலையாது. தண்ணி மாதிரித் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் போய் நிக்கும். கேன் திண்ணையில் இருக்கும், ஆவி வாசப்படி இறங்கி அடுப்புக்கிட்டப் போயிருக்கும். தீ அங்கே பிடிச்சு, வந்த வழியே ஓடி வந்து கேனைப் பிடிக்கும். அதனால சமையல்கட்டு கூடாது, பக்கத்து ரூமும் கூடாது. சாமி ரூமும் கூடாது, விளக்கு எரியும். கட்டுத்தறியும் கூடாது, வைக்கோலும் சோளத்தட்டும் இருக்கும், வாயில்லா ஜீவன்கள் கயித்தில் கட்டியிருக்கும்.

நம்ம தோட்டங்களில் எல்லோரும் வைக்கிற இடம் மோட்டார் ரூம்தான். கதவு இருக்கு, பூட்டு இருக்கு, குழந்தை வராது. ஆனால் அதுதான் எல்லாத்திலும் மோசமான இடம். ஸ்டார்ட்டர் ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் விடும்போதும் உள்ளே பொறி வரும். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருந்தால் ராத்திரி மூணு ஃபேஸ் கரண்ட் வந்த உடனே ஆள் இல்லாமலே தானாப் பிடிக்கும். சின்ன ரூம், ஜன்னல் இருக்காது, கேன் மூடி லூசு. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிற இடமும், ஃப்ரிட்ஜ் பக்கமும் இதே மாதிரிதான்.

எங்கே வைக்கலாம்? வீட்டை விட்டுத் தள்ளி, நிழலா, காத்து வந்து போற மாதிரிக் கீழேயும் மேலேயும் சந்து விட்ட சின்னக் கூண்டு. ஹாலோ பிளாக் கல் பத்து, மேலே ஒரு சிமெண்ட் ஓடு, முன்னாடி கம்பிக் கதவு, பூட்டு. குழந்தை கை போகக் கூடாது. பக்கத்தில் உர மூட்டை, மருந்து வேண்டாம். ஒரு பக்கெட் மணல் எப்பவும் இருக்கணும். அதில் பூனை அசிங்கம் பண்ணி வைக்கும், மூடி வைங்க.

பெட்ரோலில் தீப்பிடிச்சால் தண்ணி ஊத்தாதீங்க. பெட்ரோல் தண்ணி மேலே மிதந்து தீயையும் சேர்த்து இழுத்துட்டு ஓடும். மணலைப் போட்டு மூடணும். பெருசா ஆச்சு என்றால் அணைக்கப் பார்க்காமல் ஆளுங்களையும் மாடு கன்னையும் வெளியேத்திட்டு 101 அடிங்க. சேலையில் பிடிச்சால் ஓடாதீங்க, ஓடினால் காத்து ஊதி விடும். கீழே படுத்து உருளணும். சுட்ட இடத்தில் பேஸ்ட், இங்க், தோசை மாவு எதுவும் தடவாமல் 20 நிமிஷம் சாதாரணத் தண்ணி ஓட விடணும். அப்புறம் ஆஸ்பத்திரி.

கரும்பு வெட்டினதும் சோகைக்குத் தீ வைக்கிறப்போ பெட்ரோல் ஊத்துற ஆளுங்க இருக்காங்க. ஊத்தி, தீக்குச்சி தேடி, கிழிக்கிறதுக்குள்ளே ஆவி பத்தடி பரவியிருக்கும். நடுவில் நிக்கிறது நாம. சோகையை எரிக்காமல் அப்படியே மூடாக்காப் போட்டால் மண்ணுக்கு நல்லது, அது வேறே பேச்சு. எரிச்சே தீருவேன் என்றாலும் பெட்ரோல் மட்டும் வேண்டாமுங்க.

மெஷினுக்கு ஊத்தும்போது இஞ்சினை அணைச்சு, பத்து நிமிஷம் ஆற விட்டு, முதுகில் இருந்து இறக்கித் தரையில் வைத்து ஊத்துங்க. ஸ்ப்ரேயரை மாட்டிட்டே இன்னொருத்தரை விட்டு ஊத்தச் சொல்றதை நான் பார்த்திருக்கேன், முதுகில் வழியும். ஊத்தின இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணாமல் பத்தடி தள்ளி வந்து கயிறு இழுங்க. பீடிக்காரரைப் பக்கத்தில் விடாதீங்க, மாமனாரா இருந்தாலும் சரி.

கடைசியா, சீசன் முடிஞ்சு நிறுத்தி வைக்கிறது. இதுதான் நம்ம 2,800 ரூபாய்க்குப் பதில். டேங்கில் இருக்கிறதை கேனில் வடிச்சுடணும். பிரைமர் குமிழை நாலு தடவை அமுக்கி டியூபில் இருக்கிறதையும் தள்ளி அதையும் வடிக்கணும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, மெதுவா ஓட விட்டு, தானா நிக்கிற வரைக்கும் விடணும். இனிக் கார்ப்ரேட்டரில் ஒண்ணும் இல்லை. சூடு ஆறினதும் பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டையில் 2டி ஆயில் நாலஞ்சு சொட்டு விட்டு, கயித்தை மெதுவா ரெண்டு மூணு தடவை இழுத்து, பிளக்கை மாட்டிடணும். பவர் வீடரில் பெட்ரோல் திருகை அடைச்சு, கார்ப்ரேட்டர் அடியில் இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி வடிக்கணும். மொத்தமே கால் மணி நேர வேலை.

வடிச்ச பெட்ரோலை என்ன பண்றது? ஆயில் கலக்காதது, ஒரு மாசத்துக்குள்ளே வாங்கினது என்றால் பைக்கில் ஊத்தி ஓட்டிடலாம். கலந்ததை இன்னொரு சிவப்புப் பட்டை மெஷினில் அன்னிக்கே தீர்த்துடுங்க. மக்கினது, தண்ணி பிரிஞ்சது என்றால் மெக்கானிக்கிட்டக் கொடுத்துடுங்க. வாய்க்காலில் மட்டும் ஊத்தாதீங்க. காளிங்கராயன் வாய்க்கால் 700 வருஷத்துக்கு மேலே ஓடுது, அதில்தான் நம்ம மாடு தண்ணி குடிக்குது. கிணத்து ஓரத்திலும் வேண்டாம், எறும்புப் புத்திலும் வேண்டாம்.

ஆனியிலிருந்து இப்படித்தான் நடத்துறோம். மெஷின் காலி டேங்கோடு போகும், காலி டேங்கோடு திரும்பி வரணும். மிச்சம் இருந்தால் வடிச்சு அவங்க கேனிலேயே கொடுத்து அனுப்புறோம். நோட்டில் நாலு கட்டம்: எடுத்த தேதி, பெட்ரோல் வாங்கின தேதி, ஆயில் எத்தனை மில்லி, திருப்பும்போது டேங்க் காலியா. கையெழுத்தோ கைநாட்டோ. இத்தனை நாளில் ரெண்டு புல் மெஷினும் ஒரு தடவைகூட மெக்கானிக் வீட்டுப் படி ஏறலை. நோட்டு மேடைக்குப் பக்கத்தில் மேசை மேலே இருக்கு, யார் வேணும்னாலும் புரட்டிப் பார்க்கலாம். விக்கலாம் என்று சொன்ன அக்காமார் கண்டிப்பாப் பார்க்கணும். பார்த்துட்டு பொதுக்குழுவில் கை தூக்குங்க, எந்தப் பக்கம் தூக்கினாலும் சரி.

சாப்பாட்டுக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி வேப்ப மரத்தடியில் ஒரு மெஷினை வடிச்சு நிறுத்துறதைச் செய்து காட்டுறேன். ஊருக்கு ரெண்டு பேராவது நில்லுங்க. பிளக்கைக் கழட்டுற சாவி ஒண்ணுதான் இருக்கு, ஒவ்வொருத்தரா வரணும்.